அட்வான்ஸ் போட முதல்

புதுக்குடியிருப்பில் படிப்பிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கையில் 38 இலட்சம் இருக்கிறது, அதில் பாதி கனடா அண்ணா அனுப்பியது, மிச்சம் 30 இலட்சத்தை லீசிங்கில் போடலாம் என்று யோசனை. வவுனியாவில் ஒரு கார் சேலில் வாகன்ஆர் ஒன்று பார்த்திருக்கிறார்கள். 2017 என்று சொன்னார்களாம், விலை 68 இலட்சம். "இன்னொரு ஆக்கள் பின்னேரம் வருகினம் அக்கா, ஒரு இலட்சம் அட்வான்ஸ் போட்டிட்டுப் போங்கோ, நாங்கள் பிடிச்சு வைக்கிறம்" என்று அங்கே நின்ற பெடியன் சொல்லியிருக்கிறான். இவர் போடாமல் வீட்டுக்கு வந்து எனக்கு எழுதியிருக்கிறார். போட்டிருக்கலாமா, ஏமாறாமல் எடுப்பது எப்படி, வெள்ளை நிறம் எங்கள் பக்கத்துக்குச் சரிவருமா என்று மூன்று கேள்வி.

தங்கச்சி, போடாமல் வந்தது நல்லது. அந்தப் பின்னேர ஆளை நான் ஒன்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிளிநொச்சியில் கராஜ் போட முதல் ஒரு கார் சேலில் நின்று விற்றவன் நான், நானே அந்த ஆளை எத்தனையோ தரம் வரவழைத்திருக்கிறேன், ஒருநாளும் அவர் வந்ததில்லை. உண்மையாகவே யாரும் வந்து காரை எடுத்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தின காலத்தில் ஒரு காரை விட்டால் அடுத்தது கிடைக்காது என்ற பயம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்ட பிறகும் வரி கூடினபடியால் விலை நாங்கள் நினைத்த மாதிரி விழவில்லைதான், ஆனால் வாகன்ஆர் கிடைக்காத நாடு இல்லை இது. ஒன்று போனால் இன்னொன்று.

ஏன் அட்வான்சைப் பற்றி இவ்வளவு கதைக்கிறேன் என்றால், கார் சேலில் உங்களுக்கு இருக்கிற முழுப் பலமும் அந்தக் காசு உங்கள் கையில் இருக்கும் வரைக்கும்தான். அதுவரை அவர்கள் தேத்தண்ணி தருவார்கள், பதிவுப் புத்தகம் காட்டுவார்கள், கராஜுக்குக் கொண்டுபோக விடுவார்கள். ஒரு இலட்சம் கொடுத்த அடுத்த நிமிடம் நீங்கள் கெஞ்சுகிற பக்கம் வந்துவிடுவீர்கள். பற்றுச்சீட்டின் அடியில் சின்ன எழுத்தில், பெரும்பாலும் சிங்களத்தில், முற்பணம் திருப்பித் தரப்படாது என்று இருக்கும். அதனால் கீழே சொல்கிற எல்லாம் அட்வான்ஸ் கொடுக்க முதல் செய்யவேண்டியவை. பிறகு செய்தால் வெறும் கவலைதான் மிஞ்சும்.

முதல் கேள்வி காரைப் பற்றியது இல்லை. "இந்தக் கார் உங்களுடையதா, பார்க் அன் சேலா?" என்று கேளுங்கள். வளவுக்குள் நிற்கிற கார் எல்லாம் கார் சேல்காரரின் சொந்தக் கார் என்று சனம் நினைக்கிறது. நிறையக் கார்கள் சொந்தக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவை, சேல்காரருக்குக் கொமிஷன் மட்டும்தான். அப்படியென்றால் நீங்கள் கதைக்கவேண்டிய ஆள் பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவர். அவருடைய நம்பரைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில். பெரும்பாலும் மறுப்பதற்குக் காரணம் களவு இல்லை, சொந்தக்காரர் 63 கேட்டிருப்பார், இவர்கள் 68 சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த 5 இலட்சமும் உங்களுடையதல்லவா.

அடுத்தது புத்தகம். எங்கள் சனம் காரைச் சுற்றி ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டுப் புத்தகத்தை ஒரு நிமிடம் பார்க்கும். நான் மாறிச் செய்வேன். மூலப் புத்தகம்தான் வேண்டும், போட்டோக்கொப்பி வேண்டாம், வாட்ஸப் படமும் வேண்டாம். அதில் உற்பத்தி ஆண்டு என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்குச் சொன்ன 2017 உற்பத்தி ஆண்டா, இங்கே பதிந்த ஆண்டா என்று பாருங்கள். வாகன்ஆரில் இது முக்கியம், ஏனென்றால் ஜப்பானில் 2017 பெப்ரவரியில்தான் உருவம் மாறியது. காரின் உடம்பில் பொறித்திருக்கிற செசி இலக்கம் எம்எச்44எஸ் என்று தொடங்கினால் பழையது, எம்எச்55எஸ் என்று தொடங்கினால் புதியது. பழையது கூடாத கார் என்று சொல்லவில்லை, என் மனுசியே அதைத்தான் ஓடுகிறா. ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை இல்லை. 2015 இல் செய்து 2017 இல் பதிந்த காரை "2017" என்று மட்டும் சொல்லி விற்பது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

பிறகு முழு உரிமையாளர் என்ற இடம். அங்கே ஒரு லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் இருக்கிறது, அல்லது கட்டி முடித்தும் பெயர் நீக்கவில்லை. "அது கட்டி முடிஞ்சுது அக்கா, கடிதம் வரும்" என்பார்கள். கடிதம் வந்த பிறகு காசு வரும் என்று நீங்களும் சொல்லுங்கள். கடன் இருந்தால் எவ்வளவு மிச்சம் என்று அந்தக் கொம்பனியிடம் எழுத்தில் எடுத்து, அந்தத் தொகையை நேரே கொம்பனிக்குக் கட்டி, மிச்சத்தை மட்டும் விற்கிறவரிடம் கொடுங்கள். சேல்காரர் கையில் முழுக் காசையும் கொடுத்துவிட்டு அவர் போய்க் கட்டுவார் என்று நம்பிய ஒருவரின் காரை ஆறு மாதம் கழித்து மாங்குளம் சந்தியில் வைத்து லீசிங்காரர் சீஸ் பண்ணிக்கொண்டு போனார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில்.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்தால் அடிப்படை விபரங்கள் வரும். புத்தகத்தில் உள்ளதும் அங்கே வருவதும் காரில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். செசி இலக்கத்தைச் சுற்றிச் சுரண்டின அடையாளமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ரோ இருந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

இனி ஓப்பின் பேப்பர். இதில் நான் சூடுபட்டவன். 2012 இல் ஒரு வெள்ளைக் கொறோலா எடுத்தேன், ஏ9 ஓரத்தில் ஒரு இடத்தில், பெயர் வேண்டாம். பதிவுச் சொந்தக்காரர் குருநாகல் ஆள், அவர் கையெழுத்து வைத்த மாற்றப் பத்திரம், வாங்குகிறவரின் பெயர் போடாமல் வெறுமையாக. "உங்கட பேரை நிரப்பிக் குடுத்தால் சரி" என்றார்கள். கொழும்புக்குப் போனால் கையெழுத்து பதிவிலுள்ளதோடு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆளைத் தேடினால் கட்டாருக்குப் போய்விட்டார். இடையில் இரண்டு கை மாறியிருந்தது, அந்த இரண்டு பேரும் தங்கள் பெயருக்கு மாற்றவே இல்லை. 14 மாதம் அந்தக் காரை வேறொருவரின் பெயரில் ஓடினேன், சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி விளக்கம் சொல்லிக்கொண்டு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சாவடிகளுக்குக் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே பதிவுச் சொந்தக்காரர் எம்டிஏ 6 என்கிற மாற்றப் பத்திரத்திலும் நீங்கள் எம்டிஏ 8 பத்திரத்திலும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே மேசையில், பெயர் நிரப்பிக் கையெழுத்து வையுங்கள். அவருடைய அடையாள அட்டைக் கொப்பி ஒன்று வாங்குங்கள். கைமாறி 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். டின் நம்பர் என்கிற வரி அடையாள இலக்கம் உங்களிடம் இல்லாவிட்டால் இப்போதே எடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் அதற்காக இழுபடாமல். நாரஹேன்பிட்டியில் இருக்கிற திணைக்களத்துக்குப் போக முதல் முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தில் மோட்டார் போக்குவரத்துக் கிளையில் என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம். வரி அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதி இந்த மூன்றும் எந்தத் திகதி வரைக்கும் என்றும் பாருங்கள், வருகிற மாதம் முடியப்போகிறது என்றால் அந்தச் செலவு விலையில் குறையவேண்டும்.

சரி, இப்போது காருக்கு வருவோம்.

வெயில் நேரம் போங்கள். காலமை ஏழு மணிக்குப் பனி ஈரத்தோடு நிற்கிற கார் எல்லாம் வடிவுதான். பதினொரு மணிக்குப் போனால் பெயின்ர் சொல்லும். கதவுக்கும் மட்கார்டுக்கும் நிறம் ஒன்றா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், நேரே பார்த்தால் தெரியாது. போனட்டைத் திறந்து அதைப் பிடிக்கிற பிணைச்சல் ஆணிகளைப் பாருங்கள். கொம்பனியில் பூட்டினபடி இருந்தால் ஆணித் தலையில் பெயின்ர் உடையாமல் இருக்கும், சாவி போட்டுக் கழற்றியிருந்தால் மூலைகள் உரிந்திருக்கும். கழற்றினதற்கு நியாயமான காரணம் இருக்கலாம், என்ன காரணம் என்று கேட்பதற்குத்தான் பார்க்கிறோம். டிக்கியில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், பின்னால் அடிபட்ட கார் அங்கேதான் ஒளித்து வைத்திருக்கும்: நெளிந்த தகரம், புதுப் பசை, கையால் அடித்த கறுப்புப் பெயின்ர்.

முக்கியம், நீங்கள் போய்ச் சேரும்போது இஞ்சின் குளிராக இருக்கவேண்டும். வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால் முதலே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருப்பார்கள், நானும் வைத்திருக்கிறேன். போனவுடன் சிரித்துக்கொண்டே போனட்டில் கையை வையுங்கள். வெயிலில் நின்ற காரில் இந்தக் கை வேலை செய்யாது, அப்போது போனட்டைத் திறக்கச் சொல்லி றேடியேற்றர் மேல் குழாயைத் தொடுங்கள். சூடாக இருந்தால் "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறம்" என்று ஊருக்குள் ஒரு சுற்றுப் போய் மூன்று மணித்தியாலம் கழித்துச் சொல்லாமல் வாருங்கள். குளிர் இஞ்சினை அடிக்கும்போது வருகிற முதல் ஐந்து செக்கன் சத்தமும் பின்னால் வருகிற புகையின் நிறமும் பத்துப் பக்க அறிக்கைக்குச் சமன்.

பிறகு ஏசியைப் போட்டு நின்ற இடத்தில் கால் மணித்தியாலம் ஓடவிடுங்கள். கொழும்பில் குளிர்கிற ஏசி எல்லாம் வன்னியில் குளிராது. உங்களுக்கு ஆடி ஆவணியில் பரந்தன் வீதியில் ஒரு மரம் இல்லாத நீட்டில் ஓட வேண்டிய கார் இது. சூடு முள் நடுவைத் தாண்டினாலோ, வாகன்ஆர் மாதிரி முள் இல்லாத காரில் சிவப்பு வெப்ப விளக்கு மின்னினாலோ, அதை விடுங்கள்.

ஓடிப் பார்ப்பதற்கு அவர்கள் காட்டுகிற வீதியில் போகவேண்டாம். கண்டி வீதியில் ஒரு கிலோமீற்றர் போய்த் திரும்பச் சொல்வார்கள், காப்பெற் வீதியில் மாட்டு வண்டிலும் சத்தமில்லாமல்தான் ஓடும். ஹொறவப்பொத்தானை வீதியாலோ மன்னார் வீதியாலோ போய் உள்ளே ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் இறக்குங்கள். கண்ணாடியை இறக்கி, றேடியோவை நிற்பாட்டி, பெடியனையும் கதைக்க விடாமல் ஓடுங்கள். முன்னால் "டக் டக்" என்று கேட்டால் சஸ்பென்ஷன் வேலை. ஸ்டியரிங்கை முழுக்க வெட்டித் திருப்பும்போது "கட கட" என்றால் அச்சு மூட்டு. நின்ற இடத்திலிருந்து மெதுவாக எடுக்கும்போது உடம்பு நடுங்கினால் கியர் பெட்டியைச் சந்தேகப்படுங்கள், சிவிடி என்கிற இந்த ஒட்டோ கியரில் கைவைத்தால் இலட்சங்கள். வாகன்ஆரில் இன்னொன்று: சந்தியில் பிரேக் பிடித்து நிற்கும்போது இஞ்சின் தானாக நின்று, காலை எடுத்தவுடன் சத்தமில்லாமல் திரும்ப எழும்பவேண்டும். ஏசி கடுமையாக ஓடும்போது சிலவேளை நிற்காது, அதனால் ஏசியை நிற்பாட்டியும் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் முன் பயணி சீற்றுக்குக் கீழே இருக்கிற லிதியம் பற்றரி என்ன நிலையில் என்று, காரின் கணினியைப் படிக்கிற ஸ்கான் கருவி போட்டுத்தான் சொல்லவேண்டும்.

ஸ்கான் கட்டாயம் போடுங்கள். டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை என்பதில் ஒன்றும் இல்லை, காலமை ஒருவர் வந்து அழித்துவிட்டுப் போயிருப்பார். பல கார்களில் அந்தப் பிழைப் பதிவுகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதையே ஸ்கான் காட்டிவிடும். மூன்று கிலோமீற்றர் என்று வந்தால் யாரோ உங்களுக்காகத்தான் துப்புரவு செய்திருக்கிறார்கள். உங்கள் சொந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது கார் சேலோடு சம்பந்தமில்லாத கராஜில் லிப்டில் ஏற்றுங்கள். "எங்கட மெக்கானிக் பாசிட்ட காட்டலாம்" என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். கராஜுக்குக் கொண்டுபோகவே விடமாட்டோம் என்கிற இடத்தில் நான் ஒருபோதும் வாங்கமாட்டேன், எவ்வளவு மலிவு என்றாலும்.

மீற்றரை நம்பவேண்டாம். 2017 கார், 52,000 கிலோமீற்றர் என்று காட்டும், ஸ்டியரிங் தோல் மினுங்கித் தேய்ந்திருக்கும், பிரேக் பெடல் ரப்பரின் ஒரு மூலை வழுவழுவென்று இருக்கும். அது எயார்போர்ட் ஹயர் ஓடின கார். கிளிநொச்சியிலிருந்து ஒருக்கால் கட்டுநாயக்கா போய் வந்தால் 500 கிலோமீற்றருக்கு மேல், வாரத்துக்கு மூன்று பயணம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். ஜப்பானில் ஏலத்தில் எடுத்த காருக்கு ஏலத் தாள் ஒன்று இருக்கும், செசி இலக்கத்தைக் கொடுத்தால் கட்டணத்துக்கு எடுத்துத் தரும் இணையத்தளங்கள் உண்டு. அதில் அந்த நாளில் எத்தனை கிலோமீற்றர் என்று எழுதியிருக்கும். 2018 இல் ஜப்பானில் 61,000, இன்று வவுனியாவில் 52,000 என்றால் பிறகு என்ன கதை. தாளில் காரின் படமும் எழுத்துகளும் இருக்கும்: ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்திப் பூசின இடம், எஸ் என்றால் துரு, இரண்டு எக்ஸ் என்றால் அந்தப் பாகம் மாற்றியது. பக்கத்திலுள்ள எண் கூடக் கூடக் காயம் பெரிது. மேலே தரத்தில் 4, 4.5 என்று வந்தால் நல்லது, ஆர் என்று வந்தால் அடிபட்டுத் திருத்தினது. சேல்காரர் காட்டுகிற தாளை மட்டும் நம்பவேண்டாம், நீங்களே எடுத்து ஒப்பிடுங்கள், கணினியில் ஒரு எண்ணை மாற்ற எவ்வளவு நேரம் தேவை.

ரயரையும் பாருங்கள். பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். பூ நல்லாக இருந்தாலும் எட்டு வருட ரயர் எங்கள் வெயிலில் வெடிப்பு விட்டிருக்கும். நான்கு ரயரின் விலையை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள், பேரம் பேசும்போது தேவைப்படும்.

வெள்ளத்தில் நின்ற கார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டின் எத்தனை மாவட்டத்தைத் தாட்டியது என்று எல்லோரும் பார்த்தோம், வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஒன்றும் தப்பவில்லை. தண்ணீருக்குள் நின்ற கார்கள் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள். கழுவி, விரிப்பு மாற்றி, வாசம் அடித்து விற்பனைக்குத்தான். சீற் பெல்ற்றை அடிமட்டும் இழுத்துப் பாருங்கள், கடைசி ஒரு முழத்தில் மண்ணிறக் கோடு இருந்தால் தண்ணீர் வந்து நின்ற உயரம் அது, யாரும் அந்த அடியைக் கழுவுவதில்லை. சீற் ஓடுகிற தண்டவாளத்தில் துரு, டாஷ்போர்டுக்குக் கீழே வயர் மூட்டுகளில் பச்சைப் பூஞ்சு, விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம். புது விரிப்பும் கடும் மணமும் ஒன்றாக வந்தால் சந்தேகப்படுங்கள். உப்புத் துரு வேறு கதை, முல்லைத்தீவுக் கரையோரம் ஓடின காரென்றால் கீழே லிப்டில் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

வேறு கார் பார்ப்பதென்றால் ஓரிரு சொல். டொயோட்டா அக்குவா ஹைபிரிட் நல்ல கார், ஆனால் பின் சீற்றடியில் பெரிய பற்றரிக்குக் காற்று இழுக்கிற வாய் இருக்கிறது, எங்கள் கிரவல் புழுதி அதை அடைத்துப் பற்றரியைச் சூடாக்கிக் கொல்லும். கழற்றித் துப்புரவு செய்த கார் என்றால் எடுக்கலாம். ஹொண்டா ஃபிற் ஜிபி5, முதல் வந்த ஹைபிரிட் வெசல் இரண்டுக்கும் இரட்டைக் கிளச் கியர், ஜப்பானிலேயே 2013, 2014 இல் திரும்பத் திரும்ப அழைத்துத் திருத்திய கார்கள் அவை. நல்லாக ஓடும்போது அதைப்போல ஒரு சுகம் இல்லை. பழுதானால் எங்கள் பக்கத்தில் கைவைக்க ஆள் குறைவு. உங்களுக்கு வாகன்ஆர் போதும்.

காசு. 30 இலட்சம் லீசிங் என்றீர்கள். "பத்து வீதம்தான் அக்கா" என்று யாரும் சொன்னால் எந்தப் பத்து என்று கேளுங்கள். முழுத் தொகைக்கும் ஐந்து வருடத்துக்கும் ஒரேயடியாகப் போடுகிற பத்து வீதம் என்றால் வட்டி 15 இலட்சம், மொத்தம் 45, மாதம் 75,000. நீங்கள் மாதாமாதம் முதலைக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள், ஆனால் வட்டி குறையாத முதலுக்குத்தான் ஓடுகிறது. குறைகிற மீதிக்குக் கணக்குப் போட்டால் அந்தப் பத்து உண்மையில் ஏறத்தாழ 17 வீதம். வங்கியில் 14 வீதம் என்று சொல்கிறவரிடம் முகத்தைச் சுழித்துவிட்டுப் பத்து வீதக்காரரிடம் ஓடினவர்கள் எத்தனை பேர் எங்கள் ஊரில். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி கேளுங்கள்: மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், கையெழுத்து வைக்கிற அன்றைக்கு வேறு என்னென்ன கட்டணம், இரண்டு வருடத்தில் கட்டி முடித்தால் எவ்வளவு குறையும். கடிதத்தில் தரச் சொல்லுங்கள், தமிழில் தரச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கார் விலையில் எத்தனை வீதம் வரை லீசிங் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி ஒரு உச்சவரம்பு வைத்து அவ்வப்போது மாற்றும், அதனால் 30 கிடைக்குமா என்பதையும் முதலே உறுதிப்படுத்துங்கள். சேல்காரர் காட்டுகிற லீசிங்கில் அவருக்கும் கொமிஷன் உண்டு, அதை மறக்கவேண்டாம்.

போர் முடிந்து ஏ9 திறந்த கையோடு முதல் வந்து கடை விரித்தவர்கள் லீசிங்காரர்தான். உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் கையெழுத்தோடு கிடைத்தது, வீட்டுக்குக் கூரை வர முதல் முற்றத்தில் வாகனம் வந்தது, பிறகு மூன்றாம் தவணை தவறினதும் அது போனது. அந்தக் கதை உங்கள் வீட்டிலும் இருக்கும். நீங்கள் அரசாங்க உத்தியோகம், சம்பளத்தை வைத்து வங்கியில் கடன் கேட்டுப் பாருங்கள், சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்துவம் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். பெட்டிக்குள் கிடக்கிற நகையை வங்கியில் வைத்தால் வட்டி குறைவாக வரலாம், மனம் வராது என்று தெரியும், கணக்கை மட்டும் பாருங்கள். 30 ஐ 20 ஆகக் குறைக்க முடிந்தால் அதுதான் இந்தக் காரில் நீங்கள் அடிக்கிற பெரிய விலைக்குறைப்பு.

பேரத்தில் ஒரு விசயம். கனடா அண்ணாவை வளவுக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். வீடியோ கோலில் அவருக்குக் காரைச் சுற்றிக் காட்டினீர்களோ, முடிந்தது, வெளிநாட்டுக் காசு மணத்தால் 50,000 கூடக் குறையாது. இக்மன், ரியசெவன என்கிற விளம்பர இணையத்தளங்கள் இரண்டிலும் அதே மொடல், அதே ஆண்டு, ஐந்தாறு காரின் விலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரயர் இவ்வளவு, ஸ்கானில் வந்தது இவ்வளவு, அனுமதிப்பத்திரம் இவ்வளவு என்று துண்டைப் பார்த்துச் சொல்லுங்கள். "கொஞ்சம் குறையுங்கோ" என்றால் 25,000 குறையும், "இந்த நாலு ரயருக்கும் இவ்வளவு" என்றால் அந்தக் காசுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். குடும்பத்தோடு போனால் ஒருவர் மட்டும் கதையுங்கள். பிள்ளைகள் பின் சீற்றில் ஏறியிருந்து "அம்மா இதை எடுப்பம்" என்று சொன்ன பிறகு பேரம் பேசி வென்றவரை நான் கண்டதில்லை.

எல்லாம் பார்த்து மனம் சரி என்றால், அப்போது அட்வான்ஸ். 25,000 போதும், ஒரு இலட்சம் தேவையில்லை. பற்றுச்சீட்டில் வாகன இலக்கம், செசி இலக்கம், பேசிமுடித்த விலை, எந்தத் திகதிக்குள் மாற்றம், "லீசிங் கிடைக்காவிட்டாலோ ஆவணத்தில் குறை இருந்தாலோ முற்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரி, சேல்காரரின் கையெழுத்து, சீல். அந்த ஒரு வரியை எழுதத் தயங்கினால் உங்களுக்கு விளங்கும். "இஞ்சின் கியர் ஆறு மாதம் வாரண்டி" என்று வாயால் சொன்னதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். பெருந்தொகையை வங்கி மூலம் மட்டும், பற்றுச்சீட்டிலுள்ள பெயருக்கே போடுங்கள், இடையில் வந்து சிரித்த தரகரின் கணக்குக்குப் போடவேண்டாம். பிரச்சினை வந்தால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 இல் முறையிடலாம், கையில் தாள் இருந்தால்தான் அவர்களாலும் ஏதும் செய்யமுடியும்.

நிறம் கேட்டிருந்தீர்கள். வெள்ளை எடுங்கள். உள்ளே சூடு குறைவு, பெயின்ர் ஒட்டுவது சுலபம், விற்கும்போதும் முதலில் போகும். கிரவல் புழுதி தெரியும் என்று யோசிக்கிறீர்கள் போல, கறுப்பில் அது இன்னும் மோசமாகத் தெரியும், ஆவணி மாதம் ஒட்டுசுட்டான் பக்கம் எந்த நிறக் காரும் செம்மண் நிறம்தான். அந்த வாகன்ஆரின் செசி இலக்கத்தை முதலில் அனுப்புங்கள், 44 ஆ 55 ஆ என்று பார்த்த பிறகு 68 ஐப் பற்றிக் கதைப்போம். சனிக்கிழமை என்றால் நானும் வவுனியா வரலாம், ஸ்கான் என்னிடம் இருக்கிறது.